சிங்கப்பூரில் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்புமுன் ஒரு பத்து நிமிடம்

2024 ஜூலையில் இந்த ஊருக்கு வந்தேன். ஆறாவது வாரத்தில் என் முதல் லேப்டாப்பை வாங்கினேன். அறைத்தோழர் ஆப்பிளின் மேக்புக் ஏர் வைத்திருந்தார், பார்க்க அழகாக இருந்தது, நானும் அதையே வாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில், "அவசரத்துக்கு வீட்டிலிருந்தும் ரெவிட் திறந்து பார்க்கலாம்தானே?" என்று கேட்டார்கள். கட்டடங்களுக்குக் குழாயும் குளிர்சாதனமும் வரைவதுதான் என் பிழைப்பு. அதற்கான வரைபட மென்பொருளான ரெவிட் மேக்கில் ஓடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அட்டைப்பெட்டியின் வாசம்கூடப் போகாத மேக்கை 310 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நட்டத்துக்குக் கேரோசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் விற்றேன். இரண்டாவது லேப்டாப்பை வாங்கிய கடையில் வேறு விதமாக அடி விழுந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் வேலையாட்கள், மாணவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும், நான் இறங்கிய குழிகளில் நீங்களும் இறங்க வேண்டாம்.

1. உங்களிடம் உள்ள பிடிவாதக்கார மென்பொருள் எது?

"எந்த லேப்டாப் நல்லது?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஆளுக்கொரு பதில் வரும். அதற்குப் பதிலாக ஒரு தாளில், அடுத்த மூன்று வருடத்துக்கு அந்தப் பெட்டியில் என்னென்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். எழுதிய பிறகு பார்த்தால் பத்தில் ஒன்பது வேலை பிரவுசரிலேயே முடிந்துவிடும். சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளம்) போட்டு நுழையும் அரசாங்கத் தளங்கள், வங்கி, ஊருக்குப் பணம் அனுப்புவது, யூடியூப், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வாட்ஸ்அப், வீடியோ அழைப்பு எல்லாம் எதில் வேண்டுமானாலும் ஓடும்.

மீதி ஒன்றுதான் பிடிவாதக்காரன். "இந்த இடத்தில்தான் உட்காருவேன்" என்று அடம்பிடிக்கும் மென்பொருள். எந்த இயங்குதளம் (விண்டோஸா, மேக்கா) என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பிடிவாதக்காரர்கள் இவர்கள்:

ரெவிட், சாலிட்வொர்க்ஸ் இரண்டும் விண்டோஸ் மட்டுமே. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் எல்லாம் அதில் இல்லை.

டாலி விண்டோஸ்தான். இங்கே உட்கார்ந்தபடி ஊர்க் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மனைவியும் ஒருத்தி. மேக் மேல் அவளுக்கு ஆசைதான், டாலிக்காக விட்டுக்கொடுத்தாள்.

இந்திய வருமான வரித் தாக்கலுக்கான எக்செல் கோப்பு மேக்ரோவோடு (தானாக ஓடும் கட்டளைகளோடு) வரும், அதற்கு விண்டோஸில் ஓடும் எக்செல் வேண்டும். இணையத்திலேயே நிரப்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மறுபக்கம் ஐபோனுக்குச் செயலி எழுதுபவர்களுக்கு எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான். படத்தொகுப்புக்கான ஃபைனல் கட், இசைக்கான லாஜிக் இரண்டும், லேப்டாப்பில் என்றால், அதே கதை.

அலுவலக வேலையை வீட்டிலிருந்து செய்பவர் என்றால், நிறுவனத்தின் ஐடி ஆளிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்: "நம் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழையும் மென்பொருள்) எதெதில் ஓடும்?" நான் கேட்காமல் விட்ட கேள்வி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் விலை 310 வெள்ளி.

2. இயங்குதளத்தை முடிவு செய்யுங்கள்

*விண்டோஸ் 11.* பிடிவாதக்காரன் யாரென்று தெரியவில்லையா, இதையே எடுங்கள். தெவிட்டும் அளவுக்கு மாடல்கள், எல்லா விலையிலும் கிடைக்கும், பழுது பார்ப்பவர்களும் அதிகம். தொல்லைகளும் உண்டு. வாங்கியவுடன் சோதனைக் கால ஆன்டிவைரஸ் கண் சிமிட்டும், ஒன்டிரைவ் உங்கள் கோப்புகளை இழுத்துக்கொண்டு "5 ஜிபி நிரம்பிவிட்டது" என்று காசு கேட்கும். இரண்டையும் முதல் நாளே அணைத்துவிடலாம்.

விண்டோஸிலேயே ஒரு கிளைக்குழி இருக்கிறது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட லேப்டாப்புகள் மெல்லியவை, பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அவை இன்டெல், ஏஎம்டி குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அன்றாட வேலைக்குக் குறையில்லை. பழைய பிரிண்டர், சில விபிஎன், கைக்கடக்கமான யுஎஸ்பி சாதனங்களுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் போகலாம். ஊரில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் ஆளாக இருந்தால் வேண்டாம்.

*மேக்.* நான் விற்ற பொருள்தான், இருந்தாலும் பொல்லாங்கு சொல்ல மாட்டேன். 13 அங்குல ஏர் சுமார் 1.24 கிலோ, விசிறி இல்லை, நள்ளிரவில் படுக்கையறையில் திறந்தாலும் சத்தம் வராது. மறுவிற்பனையிலும் விலை நிற்கும். 2024 அக்டோபரிலிருந்து புதிய ஏர் எல்லாம் குறைந்தது 16 ஜிபி ரேமோடு வருகின்றன. அதற்கு முன் வந்தவற்றில் 8 ஜிபியும் உண்டு, "பழைய ஸ்டாக், மலிவு" என்று காட்டினால் அதைக் கவனியுங்கள். ரேமும் ஸ்டோரேஜும் பலகையோடு ஒட்டியவை, பிறகு கூட்ட முடியாது. இன்டெல் சிப் போட்ட பழைய மேக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மேக்ஓஎஸ் 26தான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

*குரோம்புக்.* பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்கு. அப்பா அம்மாவோடு வீடியோவில் பேச, மின்னஞ்சல் பார்க்க, பிள்ளை தட்டச்சுப் பழக. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருடம் அப்டேட் வரும், ஆனால் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகை வெளிவந்த நாளிலிருந்து. கடையில் தூசி படிந்து கிடக்கும் மாடலுக்கு எத்தனை வருடம் பாக்கி என்று கூகுள் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் சேரப் போகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இங்கே உயர்நிலை மாணவர்கள் எல்லாருக்கும் கற்றலுக்கென்று சொந்தச் சாதனம் வேண்டும். ஐபேடா, குரோம்புக்கா, விண்டோஸா என்பதைப் பள்ளிதான் சொல்லும், அதில் நிர்வாக மென்பொருளையும் பள்ளி போடும். டிசம்பரில் ஆசையாக வாங்கி ஜனவரியில் இன்னொன்று வாங்கிய குடும்பம் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறது.

*லினக்ஸ்.* விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டி கையில் இருந்தால், மின்ட் அல்லது உபுண்டு போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். முதல் லேப்டாப்புக்கு, கணினித் துறை ஆளாக இல்லையென்றால், வேண்டாம்.

3. ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியவை நான்குதான்

ரேம் 16 ஜிபி. எட்டில் இன்று ஓடும், இரண்டு வருடத்தில் மூச்சுத் திணறும்.

ஸ்டோரேஜ் 512 ஜிபி எஸ்எஸ்டி. குறைந்த விலைப் பெட்டிகளில் "64 ஜிபி இஎம்எம்சி" என்று இருக்கும், விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பத்தாது. தொடாதீர்கள்.

பிராசஸர் கோர் ஐ5, கோர் அல்ட்ரா 5, ரைசன் 5 இந்த வரிசையில் ஏதாவது, கடந்த மூன்று வருடத்தில் வந்ததாக. ஐ7 என்ற எழுத்துக்கு மயங்காதீர்கள். ஏழாம் தலைமுறை ஐ7களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, எட்டாம் தலைமுறை ஐ5ஐ ஏற்கும்.

திரை ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி. கடையில் திரையைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், நிறம் வெளுத்தால் அடுத்ததற்குப் போங்கள்.

"ஏஐ பிசி" என்ற பளபளப்புக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. மேலே சொன்ன நான்கும் இருக்கும் பெட்டியில் அதுவும் வந்தால் வரட்டும்.

4. எவ்வளவு ஆகும்?

நான் அலைந்த காலத்தில் கண்ட விலைகள்: குரோம்புக் 400 முதல் 600 வெள்ளி. மேலே சொன்ன அளவில் விண்டோஸ் லேப்டாப் 850 முதல் 1,200. மேக்புக் ஏர் 1,400க்கு மேல். ரெவிட் போன்ற கனமான வேலைக்குத் தனி கிராபிக்ஸ் அட்டையோடு 1,600லிருந்து தொடங்கும்.

பெட்டிக்கு வெளியே வரும் செலவைப் பலரும் மறக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365க்கு வருடாவருடம் கட்டணம். பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் கல்லூரி மின்னஞ்சலைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இலவசம். மற்றவர்களுக்கு லிப்ரெஆஃபிஸ் காசில்லாமல் கிடைக்கும், கடிதமும் கணக்கும் எழுத அது போதும். பேக்கப்புக்கு வெளி எஸ்எஸ்டி ஒன்று, பை ஒன்று.

வட்டியில்லாத் தவணைக்கு இங்கத்திய கடன் அட்டை வேண்டும். வெளிநாட்டவருக்கு வங்கிகள் கேட்கும் ஆண்டு வருமானம் உள்ளூர்வாசிகளுக்கு உள்ளதைவிட அதிகம். புதிதாக வந்தவர் தவணையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

5. எங்கே, எப்போது?

முதலில் பிராண்டின் சொந்தச் சிங்கப்பூர்த் தளத்தில் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுகோல் அதுதான். பிறகு ஹார்வி நார்மன், கோர்ட்ஸ், சேலஞ்சர், முஸ்தபா, ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பக்கத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேர் என்று எங்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தட்டச்சுப் பலகையைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், தினமும் எட்டு மணி நேரம் விரல் படும் இடம் அது.

விலை குறையும் சமயங்கள்: சன்டெக், எக்ஸ்போ அரங்குகளில் ஆண்டில் சில முறை நடக்கும் கணினிக் கண்காட்சிகள், நவம்பர் 11இல் வரும் "பதினொன்று பதினொன்று" இணையத் தள்ளுபடி, பல்கலைக்கழகம் திறக்கும் ஆகஸ்ட். மாணவர் விலை என்று தனியாக ஒன்று உண்டு, அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அவசரமில்லையென்றால் மூன்று வாரம் விலையைக் கவனித்து வாங்குங்கள்.

6. கல்லாவில் நிற்கும்போது

எனக்கு அடி விழுந்த இடம். கடையின் பெயர் வேண்டாம்.

விலைச்சீட்டு 1,090 வெள்ளி. பேசி முடித்து நெட்ஸ் அட்டையை நீட்டினேன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினார்: 1,188.10. "ஜிஎஸ்டி தனி, பாஸ்." அதற்கு மேல் "செட்டப்" 50. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், எனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. 1,238.10 கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையும் வாயால் சொல்லும் விலையும் வரியைச் சேர்த்தே இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை, ஹோட்டல்களில் சேவைக் கட்டணம் வாங்கும் இடங்களுக்குத்தான் விலக்கு. பதிவு பெறாத கடை ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. ஆகவே கல்லாவில் 9 விழுக்காட்டைத் தனியாகக் கூட்டினால் அது தவறு. அட்டையை நீட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எல்லாம் சேர்த்துக் கடைசி விலை எவ்வளவு?" சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்காதீர்கள், மனம் மாறினால் திரும்பி வராது. பிடிக்கவில்லை என்பதற்காகப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை.

பெட்டியின் முத்திரை உங்கள் கண் முன்னால் பிரிய வேண்டும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து, அதையே ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். காட்சிக்கு வைத்திருந்த பெட்டியா என்றும் கேளுங்கள்.

"செட்டப்" வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐம்பது வெள்ளி மட்டும் பிரச்சினையல்ல. எனக்குக் கடைப் பையன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு விண்டோஸைத் திறந்து கொடுத்திருந்தான். எட்டு மாதம் கழித்து ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்தது. 48 இலக்க மீட்பு எண் கேட்டது. புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் டிஸ்க்கைத் தானாகப் பூட்டிக்கொள்ளும், அந்தப் பூட்டின் சாவி முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். என் சாவி அந்தப் பையனின் கணக்கில் இருந்தது. பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எல்லாவற்றையும் அழித்துத்தான் மீண்டும் திறந்தேன், மகளின் காதுகுத்துப் படங்களும் அதோடு போயின.

7. பழையது வாங்கினால்

நிறுவனங்கள் கழித்துவிடும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் வகைகள் 300 முதல் 450 வெள்ளிக்கு அருமையானவை. நான் இன்று யாருக்காவது சிபாரிசு செய்தால் பாதிப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, அதோடு வந்தால் 11க்கு ஏறுமா என்று சோதித்த பிறகே காசு.

விற்பவர் முன்னாலேயே "ரீசெட்" போடச் சொல்லி, வைஃபையில் இணைத்து, முதல் திரை வரை காத்திருங்கள். அரை மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து அறைத் தம்பி இதைச் செய்யாமல் எம்ஆர்டி வாசலில் பணம் கொடுத்து வாங்கி வந்தான். வீட்டில் ரீசெட் போட்டதும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு "உங்கள் அலுவலகக் கணக்கை உள்ளிடவும்" என்று நின்றது. "அண்ணே, இதுல என் மெயிலைப் போட்டா எடுத்துக்குமா?" என்று வந்து நின்றான். எடுத்துக்கொள்ளாது. அந்த நிறுவனம் விடுவித்தாலொழியத் திறக்காது.

மேக் என்றால் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டிவைக்கும் ஆக்டிவேஷன் லாக் போயிருக்கிறதா என்று பாருங்கள், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பேட்டரியின் சுற்று எண்ணிக்கையையும் (முழுச் சார்ஜ் எத்தனை முறை செலவாகியிருக்கிறது) பாருங்கள். இப்போதைய மேக்புக்குகளுக்கு 1,000 சுற்று கணக்கு, 700ஐத் தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

8. ஊரிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ கொண்டுவந்தால்

நீங்கள் பயன்படுத்தி வந்த சொந்த லேப்டாப்புக்குப் பயமில்லை. மின்னழுத்தம் ஒன்றுதான், ஊரின் உருண்டை முனைப் பிளக் மட்டும் இங்கத்திய சதுர மூன்று முனைச் சாக்கெட்டில் போகாது. அடாப்டர் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பதைவிட வயரை மட்டும் மாற்றிவிடுங்கள், சில வெள்ளிதான்.

புதிதாக வாங்கி வந்தால் கதை வேறு. சுற்றுப்பயணிக்கும் குடிமகனுக்கும் இருக்கும் ஜிஎஸ்டி இறக்குமதிச் சலுகை வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்குக் கிடையாது. மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவாக வாங்கிப் பாலம் தாண்டினால் சுங்கத்தில் சொல்லி 9 விழுக்காடு கட்ட வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் லாபம் ஒன்றும் மிஞ்சாது.

"பார்க்க வந்த மாமா பாஸ்போர்ட்டில் வாங்கி விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்கிடலாம்" என்ற யோசனையை யாராவது சொல்வார்கள். அது மாமா வாங்கி மாமா எடுத்துப் போகும் பொருளுக்கு உள்ள திட்டம். பொருள் உங்கள் வீட்டு மேசையில் இருந்தால் மாட்டிக்கொள்பவர் மாமாதான். உண்மையாகவே ஊருக்குக் கொடுத்து அனுப்புவது என்றால், 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குத் தீர்வை இல்லாமல் கொண்டுபோகலாம்.

9. முதல் நாள் மாலை

உங்கள் சொந்தக் கணக்கில் திறவுங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். உத்தரவாதத்தைப் பிராண்டின் தளத்தில் பதியுங்கள், ரசீதைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெப்பத்தில் வெளுக்கும் ரசீதுத் தாளில் ஆறு மாதம் கழித்து ஒன்றும் தெரியாது.

தமிழ் தட்டச்சுக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் நேரம், மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 வரும். மேக்கில் கீபோர்டு அமைப்பில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன. குரோம்புக்கிலும் லினக்ஸிலும் தமிழ்99 உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நான்கும் சமம்.

10. கோளாறு வந்தால்

பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. முதலில் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். பழைய பொருள் விற்கும் கடைக்கும் இது பொருந்தும். கேரோசலில் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது.

கடை மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போகலாம். அதற்கு மேல் சிறு உரிமைக் கோரல் நடுவர்மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், இணையத்தில் சிங்பாஸ் மூலம் பதியலாம். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரலுக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. கையில் இருக்க வேண்டியவை: வரி வரியாகப் பிரித்து எழுதிய ரசீது, விலைச்சீட்டின் படம், கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள்.

நானும் போகலாம் என்றுதான் நினைத்தேன். ரசீதை எடுத்துப் பார்த்தேன். "லேப்டாப் செட், 1,238.10" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி எங்கே, செட்டப் எங்கே, 1,090 எங்கே என்று காட்ட அதில் ஒன்றுமில்லை. விலைச்சீட்டைப் படமெடுக்க அன்று எனக்குத் தோன்றவுமில்லை.